மலை மேல் மூச்சு ஏன் நின்று நின்று வருகிறது?

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. லடாக்கில் மலை மேல் இருக்கும் லே ஊருக்குப் போய் வந்த ஒரு அம்மா கேட்கிறார்: "முதல் இரண்டு ராத்திரியும் வீட்டுக்காரருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. பயந்துபோய் எழுப்பினேன். காலையில் பெட்டிப் பூட்டு நம்பரே அவருக்கு மறந்துவிட்டது. மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா?"

பயப்படாதீர்கள் அம்மா. அந்த உயரத்தில் சில நாள் தங்கியதற்கெல்லாம் நிரந்தர மறதி வராது.

லே சுமார் 3,500 மீட்டர். அங்கேயும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சலிக்காது. குறைவது காற்றின் அழுத்தம். ஒரு மூச்சில் சென்னையில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். உடனே உடம்பு வேகமாக மூச்சு வாங்கும். அந்த வேகத்தில் கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மீறி வெளியே போய்விடும். பழைய நேயர்களுக்குத் தெரியும், மூச்சு விடு என்று உந்துவது பெரும்பாலும் அந்தக் கார்பன் டை ஆக்ஸைடுதான். அது குறைந்தால், தூங்கும்போது மூளை சும்மா இருந்துவிடும். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி சேர்ந்து, ஆக்ஸிஜனும் இறங்கி, திடுக்கென்று ஒரு பெருமூச்சு. பாதித் தூக்கம் போச்சு. அப்புறம் மறுபடி முதலிலிருந்து.

நானே லேயில் ஒரு நண்பரின் மூச்சு நின்ற விநாடிகளை இருட்டில் எண்ணியிருக்கிறேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு... பதினான்கில் இழுத்தார். காலையில் அவர் "நல்ல தூக்கம்" என்றார். தூங்காதது நான்தான்!

மறதிக்கு வருவோம். தூக்கமும் துண்டு துண்டு, ஆக்ஸிஜனும் குறைவு என்றால் புதிதாகப் பார்த்தது மனதில் தங்காது, கவனமும் சிதறும். இன்னும் மேலே போனால் கதையே வேறு. 1933இல் எவரெஸ்ட்டில் தனியாக ஏறிய ஃபிராங்க் ஸ்மைத், கையிலிருந்த மிட்டாயை இரண்டாக உடைத்து, பக்கத்தில் இல்லாத ஆளுக்கு நீட்டினார்.

தூக்கம் வரவில்லை என்று அங்கே தூக்க மாத்திரை போடாதீர்கள், சாராயமும் வேண்டாம். இரண்டும் மூச்சை இன்னும் மந்தமாக்கலாம். உயரத்தில் வரும் உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, என்னிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: இமயமலையில் வாழும் ஷெர்பாக்கள் மட்டும் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறார்கள்? ஆக்ஸிஜன் குறைந்தால் நம் உடம்பு பதறுகிற அளவுக்கு அவர்கள் உடம்பு பதறாது. பதறி அதிகமாக வாங்கினால்தானே பிறகு நிற்கும்? மூச்சு நின்று நின்று வருவது அவர்களிடம் நம்மைவிடக் குறைவு.