டிவிடி சுழலும் சத்தத்தைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் பழுதைப் பற்றி வானொலியில் பேச வேண்டும் என்று கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். திரையைக் காட்டாமல் எப்படிப் புரியவைப்பது? அப்புறம் யோசித்துப் பார்த்தால், இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பழுதில் பாதியைக் காதுதான் கண்டுபிடிக்கிறது. அதனால் வானொலி இதற்குச் சரியான இடம்தான்.

பழுது இதுதான். விண்டோஸோ லினக்ஸோ புதிதாகப் போடுவதற்கு டிவிடியை உள்ளே வைக்கிறோம். சிஸ்டத்தை ஆன் செய்கிறோம். டிவிடியில் இருந்து கிளம்பவே மாட்டேன் என்கிறது. பழைய பிழைச் செய்தியே திரும்ப வருகிறது, இல்லையென்றால் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, சிஸ்டமே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நல்ல நிலையில் இருக்கிற எத்தனையோ சிஸ்டங்கள் இப்படித்தான் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறவன் என்பதால் இதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

ஒரு அடைமழைக் காலத்தில் ஒரு அம்மா என்னிடம் வந்தார். தென்காசிப் பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறார். சிபியுவைச் சாக்கில் சுற்றி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்திருந்தார். “போர்டு போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க அண்ணாச்சி. புதுசா மாத்த பன்னிரண்டாயிரம் ஆகுமாம். பணம்கூடப் போகட்டும், ஏழு வருஷ மனு எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு” என்றார். வேறொரு கடையில் டிவிடி போட்டுப் பார்த்திருக்கிறார்கள், கிளம்பவில்லை. அதை வைத்துத்தான் போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் இணைகிற மதர்போர்டு, போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

மானிட்டரை இணைத்து ஆன் செய்தேன். பூட் மேனேஜர், அதாவது விண்டோஸைக் கிளப்பிவிடுகிற நிரல், காணவில்லை என்று வெள்ளை எழுத்தில் தெளிவாக வந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நிம்மதி. என்ன குறை என்று எழுத்தில் எழுதிக் காட்டுகிற சிஸ்டத்தில் போர்டு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். உங்கள் வீட்டிலும் இதை முதலில் பாருங்கள். திரையில் எழுத்து வருகிறது என்றால், போர்டை மாற்றச் சொல்கிறவரிடம் காரணம் கேளுங்கள்.

சரி, இப்போது காதுக்கு வருவோம். மின்விசிறியையும் டிவியையும் கொஞ்சம் அணைத்துவிட்டு, சிபியு பக்கத்தில் உட்காருங்கள். டிவிடி டிரைவின் பட்டனை அழுத்துங்கள். தட்டு வெளியே வரவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் டிரைவுக்கு மின்சாரமே போகவில்லை. உள்ளே பவர் கேபிள் நழுவியிருக்கும், அழுத்திச் செருகினால் போதும். தட்டு வருகிறது, ஆனால் பயாஸ் திரையில், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற போர்டின் சொந்த நிரலின் திரையில், டிரைவின் பெயரே இல்லை என்றால் டேட்டா கேபிளைச் சந்தேகப்படுங்கள். பழைய அகலப் பட்டை கேபிள் போட்ட சிஸ்டம் என்றால், டிரைவின் பின்பக்கம் பின்களில் மாட்டியிருக்கிற ஜம்பர் என்ற குட்டித் துண்டையும் பார்க்க வேண்டும். கேபிளில் அந்த டிரைவ் முதலாவதா (மாஸ்டர்) இரண்டாவதா என்று அதுதான் சொல்லும். ஒரே கேபிளில் இரண்டு சாதனங்கள் இருந்து இரண்டையும் மாஸ்டர் என்று வைத்திருந்தால் குழப்பம்தான்.

அடுத்து டிவிடியை வைத்துத் தட்டை மூடுங்கள். நல்ல டிரைவில் முதலில் ‘உய்ய்’ என்று ஒரு சத்தம் மேலே ஏறும். நடுவில் லென்ஸ் நகரும்போது ‘டிக் டிக்’ என்று மெல்லக் கேட்கும். அப்புறம் ஒரே சீரான இரைச்சல். டிரைவ் டிவிடியைப் படித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அப்படி இல்லாமல் சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது, நாலு தடவை முயன்று அடங்கிவிடுகிறது என்றால் அது படிக்க முடியாமல் திணறுகிறது. டிவிடி அழுக்காக இருக்கலாம், படிக்கிற லேசர் மங்கியிருக்கலாம்.

இங்கே பலரும் ஏமாறுகிற ஒரு இடம் உண்டு. “பாட்டு சிடி நல்லா ஓடுதே, டிரைவ் நல்லாத்தானே இருக்கு?” என்பார்கள். சிடியைப் படிக்கிற லேசர் ஒளி வேறு, டிவிடியைப் படிக்கிற ஒளி வேறு. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர். ஒன்று மங்கிப்போய் இன்னொன்று நன்றாக இருக்கலாம். அதனால் டிவிடியைச் சோதிக்க நன்றாக ஓடும் இன்னொரு டிவிடியைத்தான் போட வேண்டும். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள். மெல்லிய துணியால் நடுவில் இருந்து ஓரத்துக்கு நேராக இழுங்கள். வட்டமாகக் கீறல் விழுந்தால் அது தடத்தோடு ஓடித் தகவலைத் தொடர்ச்சியாகச் சாப்பிட்டுவிடும். குறுக்கே விழுந்த கீறலை டிரைவ் ஓரளவுக்குச் சமாளித்துக்கொள்ளும்.

அந்த அம்மாவின் சிஸ்டத்தில் சத்தம் அருமையாக இருந்தது. ஆன் செய்ததும் எஃப் 12 விசையைத் தட்டி, இந்த ஒரு தடவை டிவிடியில் இருந்து கிளம்பு என்று தேர்ந்தெடுத்தேன். இந்த விசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஃப் 8, எஃப் 9, எஸ்கேப் என்றெல்லாம் இருக்கும். ஆன் செய்த முதல் சில விநாடிகளில் திரையின் அடியிலேயே எழுதிக் காட்டும். தேர்ந்தெடுத்ததும் டிரைவ் விளக்கு ஒரு தடவை மினுக்கியது. உடனே மறுபடி அதே பழைய செய்தி. அதாவது, சிஸ்டம் கேட்டது, டிரைவும் படித்தது, டிவிடிக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

டிவிடியை எடுத்து என் லேப்டாப்பில் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு ஃபைல். ஐஎஸ்ஓ என்று முடிகிற பெரிய ஃபைல். விஷயம் விளங்கிவிட்டது. இணையத்தில் இறக்கிய ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி செய்து ரைட் பண்ணியிருக்கிறார்கள்.

இது ஏன் வேலை செய்யாது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த வரைக்கும் மிக அதிகமாக நடக்கிற தவறு இதுதான். ஒரு காலத்தில் சிடியில் இருந்து கம்ப்யூட்டர் கிளம்பவே கிளம்பாது. ஃபிளாப்பி போட்டுக் கிளப்பி, அதன் பிறகுதான் சிடியைப் படிக்க வைக்க வேண்டும். 1995-இல் ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸும் ஐபிஎம்மும் சேர்ந்து அதற்கு ஒரு முறையை வகுத்தார்கள். அதற்கு எல் டோரிட்டோ என்று பெயர். கலிஃபோர்னியாவில் அந்தப் பெயரில் உள்ள உணவகத்தில் உட்கார்ந்து பேசி உருவாக்கியதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். அந்த முறைப்படி, சிடியின் இடமெல்லாம் 2048 பைட் கொண்ட கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. பூஜ்யத்தில் இருந்து எண்ணினால் 17-ஆவது கட்டத்தில் ஒரு முகவரிச் சீட்டு இருக்கும். கிளம்புவதற்கான நிரல் இன்ன இடத்தில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். சிஸ்டம் நேராக அந்தக் கட்டத்துக்குத்தான் போய்ப் பார்க்கும்.

ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிவிடியின் அச்சு. இமேஜாக ரைட் பண்ணினால் கட்டத்துக்குக் கட்டம் சரியாக உட்காரும், 17-இல் சீட்டு இருக்கும். வெறும் ஃபைலாக ரைட் பண்ணினால், அந்தச் சீட்டு பெரிய மூட்டைக்கு உள்ளே எங்கோ கிடக்கும். சிஸ்டம் 17-ஐப் பார்க்கும், அங்கே அந்தச் சீட்டு இருக்காது, ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விடும். விண்டோஸில் ஐஎஸ்ஓ ஃபைல்மேல் வலது கிளிக் செய்தால் இமேஜாக ரைட் பண்ணும் வசதி அங்கேயே இருக்கிறது. சரியாக ரைட் பண்ணிய டிவிடியைத் திறந்தால் உள்ளே பல ஃபோல்டர்கள் தெரியும். பெண்டிரைவுக்கும் இதே கதைதான், ஐஎஸ்ஓவை அதில் காப்பி செய்தால் மட்டும் போதாது. ரூஃபஸ் மாதிரி ஒரு மென்பொருளை வைத்து எழுத வேண்டும்.

லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓவைப் புதிதாக இறக்கினேன். அவர்கள் தளத்தில் கொடுத்திருந்த ஷா-256 எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வழியில் ஒரு எழுத்து கெட்டிருந்தாலும் இந்த எண் மாறிவிடும். இந்த இரண்டு நிமிட வேலையைத் தயவுசெய்து யாரும் தவிர்க்காதீர்கள். வேகத்தைக் குறைத்து வைத்து ரைட் பண்ணினேன். பயாஸில் டிவிடியை முதலாவதாக வைத்து, எஃப் 10 தட்டிச் சேமித்தேன். மெனு அழகாக வந்துவிட்டது.

அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கத்து மேசைக்கு மாற்றி வைத்து மறுபடி ஆன் செய்தேன். பழையபடி பூட் மேனேஜர் காணவில்லை!

இந்த மாதிரி நேரத்தில்தான் கை பதறும். டிவிடியை மாற்று, கேபிளை மாற்று, ராமைக் கழற்று என்று தோன்றும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று நான் கண்டிப்பாக வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் எது சரிசெய்தது என்றே தெரியாமல் போகும். பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டியது. சற்று முன் நான் வைத்த வரிசையும் இல்லை, ஹார்ட் டிஸ்க் மறுபடி முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, மூன்று வோல்ட். மீட்டரை வைத்தால் 1.1 காட்டியது. பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் சிஸ்டம் சொன்னதை எல்லாம் மறந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவிடம் கேட்டேன். “ராத்திரி கடை பூட்டறப்ப மெயினை அணைச்சிடுவேன் அண்ணாச்சி. தேதி ரொம்ப நாளாவே தப்பாத்தான் காட்டும்” என்றார். கிளிப்பை நகத்தால் நெம்பிப் பழையதை எடுத்து, கூட்டல் குறி மேலே தெரிகிற மாதிரி புதியதை வைத்தேன். ஒரு சின்ன டிபன் செலவுதான்.

புதிய சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கும் சிலது சொல்ல வேண்டும். 2012-இல் விண்டோஸ் 8 வந்த காலத்தில் இருந்து செக்யூர் பூட் என்ற காவல் சேர்ந்திருக்கிறது. நம்பகமானது என்று காட்டும் மின்னணுக் கையொப்பம் இல்லாத பழைய டிவிடிகளை அது உள்ளே விடாது. பழைய முறையில் மட்டும் கிளம்பத் தெரிந்த டிவிடிக்கு லெகஸி அல்லது சிஎஸ்எம் என்கிற வசதி வேண்டும், அது எல்லாப் புதிய சிஸ்டத்திலும் இருக்காது. முடிந்த வரை புதிய பதிப்பை இறக்கிக்கொள்வதே நல்லது. செக்யூர் பூட்டை அணைப்பதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். லேப்டாப்பில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் கையில் இல்லை என்றால் உங்கள் ஃபைல்கள் உங்களுக்கே கிடைக்காமல் போய்விடும்.

இன்னொன்று, விண்டோஸ் டிவிடி கிளம்பும்போது ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லி ஏறக்குறைய ஐந்து விநாடி காத்திருக்கும். அழுத்தாவிட்டால் ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விடும். அழுத்தியும் போகிறது என்றால், அந்த நேரத்தில் யூஎஸ்பி கீபோர்டைப் பழைய பயாஸ் அறியாமல் இருக்கலாம். பின்பக்கம் உருண்டைப் பின் செருகுகிற பழைய கீபோர்டு ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

பயாஸில் வரிசையை மறுபடி வைத்ததும், அந்த அம்மாவின் சிஸ்டம் இப்போது ஒழுங்காகக் கிளம்பியது. இன்ஸ்டால் என்பதை நான் தொடவில்லை. லினக்ஸ் மின்ட், ஹார்ட் டிஸ்க்கில் எதையும் எழுதாமல் டிவிடியில் இருந்தே முழுதாக ஓடும். ஃபைல்களைக் காப்பாற்றுவதற்கு முன்னால் ஃபார்மேட் அடிக்கிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஹார்ட் டிஸ்க் ஐகானைத் திறந்தேன். ஏழு வருட ஃபோல்டர்களும் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு காப்பி செய்தோம்.

ஒரு மனுவைத் திறந்தபோது அவர் முகம் வாடிவிட்டது. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. நம் ஊரில் ஜாப் டைப்பிங் செய்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வானவில் அவ்வையார் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் இப்படித்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஃபைல்களை மட்டும் எடுத்துவிட்டு இதை விட்டுவிட்டு ஃபார்மேட் அடித்தவர்கள் நிறைய உண்டு. அங்கிருந்து எழுத்துருவை எடுத்துப் போட்டு, மனுவை மூடித் திறந்தேன்.

‘பெறுநர், வட்டாட்சியர் அவர்கள்’ என்று முதல் வரி தமிழில் வந்து நின்றது. “இந்தப் பாட்டிக்கு இன்னும் பட்டா வரல அண்ணாச்சி, நாளைக்கு வருவாங்க, இதைத் திரும்ப பிரிண்ட் எடுக்கணும்” என்று திரையைத் தொட்டுக் காட்டினார். கீழே டிவிடி சீராகச் சுழன்றுகொண்டிருந்தது.

நன்றி, வணக்கம்.