ஜடாமாஞ்சில் எண்ணெய்: முடிக்கா, தூக்கத்துக்கா?

அடுத்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. "ஜடாமாஞ்சில் போட்டுக் காய்ச்சின எண்ணெய் தேய்ச்சா, கொட்டின முடி திரும்ப முளைக்குமா? இந்தச் செடியை மாடியில தொட்டி வெச்சு வளர்க்கலாமா?"

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். வளராதும்மா. அது இமயமலைச் செடி. 3000 மீட்டருக்கு மேல, நேபாளத்துல ஜும்லா, டோல்பா பக்கம், இந்தியாவுல உத்தரகாண்ட், சிக்கிம் மலைகள்ல வரும். நம்ம ஊர் வெயிலுக்கு நிக்காது. நாட்டு மருந்துக் கடையில கிடைக்கிறது அதோட காய்ஞ்ச கிழங்கு. மேல பழுப்பா, நார் நாரா சுத்தியிருக்கும்.

முடி விஷயம். தலைக்கு எண்ணெய் காய்ச்ச இதை ரொம்ப காலமா சேர்த்துட்டு வர்றாங்க. வாசனை இருக்கும், தலை குளிர்ச்சியா இருக்கும். ஆனா வழுக்கை விழுந்த இடத்துல முடி முளைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இதோட நிஜமான பெருமையே வேற. மனசு படபடப்பு, தூக்கமின்மை, இதுக்குத்தான் வைத்தியத்துல இதுக்குப் பேரு. எலிகளை வெச்சுச் செஞ்ச ஆய்வுகள்லயும் அமைதிப்படுத்துற குணம் தெரிஞ்சிருக்கு. மனுஷங்ககிட்ட பெரிய அளவுல இன்னும் சோதிக்கல.

வாசனைக்காக இது போன தூரத்தைக் கேட்டா ஆச்சரியப்படுவீங்க. கங்கைக்கரை வழியா இறங்கி, நம்ம சேர நாட்டு முசிறித் துறைமுகத்துல கப்பல் ஏறி ரோமாபுரிக்குப் போயிருக்கு. வியன்னாவுல இருக்கிற 2-ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் (நாணல்ல செஞ்ச பழங்காலத் தாள்) ஒண்ணுல அந்தச் சரக்குக் கணக்கே இருக்கு. பைபிள்ல மரியாள் இயேசுவோட பாதத்துல பூசின நளத தைலம் இதுதான்னு சொல்றாங்க. அதோட விலை முந்நூறு பணம். ஒரு கூலியாளுக்கு ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளம்!

எண்ணெய் செய்யணும்னா, அரை லிட்டர் நல்லெண்ணெய்க்கு 25 கிராம் போதும். ஒண்ணு ரெண்டா இடிச்சுப் போட்டு, ரெண்டு வாரம் வெயில்ல வெச்சு வடிகட்டுங்க. கொதிக்க கொதிக்கக் காய்ச்சினா வாசனை ஆவியா போயிடும், அப்புறம் மிஞ்சுறது வெறும் சக்கைதான்.

வாங்கும்போது முகர்ந்து பாருங்க. மண் வாசனையும் கொஞ்சம் கஸ்தூரி மாதிரியும் கனமா அடிக்கணும். மணமே இல்லாம, உதிர்ந்த நாரா இருந்தா பழசு, இல்ல கலப்படம். கிழங்கோட தோண்டி எடுக்கிறதால, ஒவ்வொரு தடவையும் ஒரு செடி மொத்தமா போயிடுது. இப்போ அழியுற நிலையில இருக்கு, 1997-லயே சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. அதனால கிலோ கணக்குல வாங்கி டப்பாவுல அடைச்சு வைக்காதீங்க.

உள்ளுக்குச் சாப்பிடுறதை மட்டும் வீடியோ பார்த்து ஆரம்பிக்காதீங்க. தூக்க மாத்திரை, மன அழுத்த மாத்திரை எடுக்கிறவங்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காம தொடவே வேண்டாம்.