சீட்டுக்கட்டு ‘தெரியாது’ என்று சொல்லாது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

தனக்குத்தானே சீட்டு விரித்துப் பலன் பார்ப்பது மனதுக்குத் தெளிவைத் தருகிறதா, குழப்பத்தை வளர்க்கிறதா? இதுதான் இன்றைய தலைப்பு. குழப்பத்தைத்தான் வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறோம். எங்கள் அணியைப் பார்த்தாலே அது தெரிகிறது என்று நடுவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், தீர்ப்பு சொல்லும்போதும் இதே ஞாபகம் இருந்தால் போதும்.

எதிரணித் தலைவர் நன்றாகப் பேசினார். “சீட்டு எதிர்காலத்தைச் சொல்லும் என்று நாங்களும் நம்பவில்லை. ஆனால் அது ஒரு கண்ணாடி, நம் மனதை நமக்கே காட்டும்” என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். சரி, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கையில் வாங்கிப் பார்ப்போம்.

ஒரு பெண். வேலையை விடலாமா வேண்டாமா என்று தவிக்கிறார். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கட்டைக் கலைத்து, வெட்டி, மூன்று சீட்டுகளை வரிசையாக வைக்கிறார். நடந்தது, நடப்பது, நடக்கப்போவது. முதல் சீட்டு கிளாவர் 4. நடுவில் ஸ்பேடு ராணி. கடைசியில் டைமன் 8. பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் ஆர்ட்டின் என்றால் அன்பு, டைமன் என்றால் பணம், கிளாவர் என்றால் உழைப்பு, ஸ்பேடு என்றால் தொல்லை.

இப்போது படியுங்கள். ‘மாடாய் உழைத்தேன். மேலே ஒரு கடுகடுத்த அம்மா உட்கார்ந்துகொண்டு படுத்துகிறார். வெளியே வந்தால் காசு பார்க்கலாம்.’ ஆக, வேலையை விடலாம். அதே மூன்று சீட்டை இன்னொரு தடவை படியுங்கள். ‘உழைத்து ஓர் இடத்தைப் பிடித்திருக்கிறேன். அந்த ஸ்பேடு ராணி வேறு யாருமில்லை, எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்ளும் நானேதான். கொஞ்சம் பொறுத்தால் சம்பளம் உயரும்.’ ஆக, வேலையை விடக்கூடாது. ஒரு சீட்டுகூட இடம் மாறவில்லை நடுவர் அவர்களே, பலன் தலைகீழாகிவிட்டது.

இரண்டில் எதை அவர் எடுத்துக்கொள்வார்? அன்று மேலதிகாரி திட்டியிருந்தால் முதலாவது. சம்பளம் வந்த நாள் என்றால் இரண்டாவது. பிடிக்காத பருவைக்கூடக் காட்டினால்தான் அது கண்ணாடி!

“அதனால் என்ன, உள்ளே இருந்த ஆசை வெளியே வந்ததே” என்று அடுத்துப் பேசுபவர் கேட்பார், தெரியும். வந்தது ஆசை இல்லை ஐயா, அன்றைய மனநிலை. ‘இன்றைக்கு எனக்குக் கோபம்’ என்று தெரிந்துகொண்டு படுக்கப்போனால் அதைத் தெளிவு என்று ஒப்புக்கொள்கிறேன். ‘சீட்டிலேயே வந்துவிட்டது’ என்று எழுந்து ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தால்?

இதற்கு மேல் ஸ்பேடு பயம் வேறு. 9 சீட்டு விரித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 52 சீட்டில் 13 ஸ்பேடு. 9 சீட்டு எடுத்தால் ஒரு ஸ்பேடாவது வர ஏறக்குறைய 94 சதவீத வாய்ப்பு. ஆக, உட்காரும்போதெல்லாம் ஏதோ ஒரு மூலையில் தொல்லை எட்டிப் பார்த்தே தீரும். நிம்மதியாக இருந்த மனிதருக்கு, ‘இந்தத் தொல்லை யாரால் வரப்போகிறது’ என்று யோசிக்க ஒரு ராத்திரி வேலை கிடைத்துவிடுகிறது. அதிலும் வந்தது ஸ்பேடு 9 ஆக இருந்தால் தீர்ந்தது. கட்டிலேயே மோசமான சீட்டு என்று பெயர் வாங்கியது அது.

“காலங்காலமாக வந்த ஞானம்” என்றும் ஒருவர் சொன்னார். பிரான்ஸில் அலியெத் என்பவர் தன் பெயரைப் பின்னாலிருந்து எழுதி ‘எத்தெய்யா’ என்று வைத்துக்கொண்டு, சீட்டில் பலன் பார்க்கும் நூலை வெளியிட்டது 1770-இல். அவர் எடுத்துக்கொண்டது 32 சீட்டுக் கட்டு. அதில் 2 முதல் 6 வரை கிடையவே கிடையாது. நம் பெண்ணுக்கு வந்த கிளாவர் 4 அந்தக் கட்டிலேயே இல்லை! இன்றைய 52-க்குக் கணக்குப் பார்த்தால் 20 சீட்டுக்கு வேறு யாரோ பலன் எழுதிச் சேர்த்திருக்க வேண்டும்.

சீட்டு தலைகீழாக வந்தால் பலனும் மாறும் என்பார்கள். வீட்டில் கட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். வழக்கமான கட்டில் டைமன் சீட்டுகளில் 7-ஐத் தவிர எதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாலும் முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கும். ராஜா ராணிக்கும் இரண்டு பக்கமும் தலைதான். அதனால் எது மேல்பக்கம் என்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். புள்ளி வைப்பதும் நாம், பிறகு அதைப் பார்த்துப் பதறுவதும் நாம்.

“எனக்கு அப்படியே பொருந்தியது” என்ற சாட்சியத்துக்கு ஒரே வரியில் பதில். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே குணக்குறிப்பைத் தனித்தனியாக எழுதியதுபோல் கொடுத்தார், தங்களுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் சராசரியாக 5-க்கு 4.26 மதிப்பெண் போட்டார்கள்.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். எனக்குப் பெரிய குறையாகப் படுவது இன்னொன்று. நண்பரிடம் யோசனை கேட்டால் சில நேரம் “எனக்குத் தெரியலப்பா” என்பார். சீட்டுக்கட்டு ஒருநாளும் அப்படிச் சொல்லாது. எத்தனை முறை கேட்டாலும் ஒரு பதில் வரும். முதல் விரிப்பு பிடிக்கவில்லையா, ‘சரியாகக் கலைக்கவில்லை’ என்று மறுபடி விரிப்போம். இரண்டாவது முதலாவதோடு ஒத்துப்போகவில்லையா, எது உண்மை என்று பார்க்க மூன்றாவது. அடுத்தவருக்குப் பலன் சொல்பவராவது “இன்றைக்குப் போதும், போய்ட்டு வாங்க” என்று எழுப்பி அனுப்புவார். தனக்குத்தானே பார்ப்பவருக்குக் கேள்வி கேட்பவர், பலன் சொல்பவர், மேல்முறையீட்டை விசாரிப்பவர் எல்லாம் அவரே.

அடுத்து வரும் எதிரணி நண்பர் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். இது தெளிவு தரும் வழி என்றால், எத்தனையாவது விரிப்போடு நிறுத்த வேண்டும், அதை யார் முடிவு செய்வது? அதை மட்டும் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.