24 பேரும் ‘ஓனர் தங்கமானவருங்க’ன்னு சொன்னா தீசிஸ் பாஸா, ஃபெயிலா?

[திரையில்: பேட்டியின் எழுத்துப் பிரதி. ‘ஓனர் எங்களுக்கு அப்பா மாதிரிங்க’ என்ற வரி மட்டும் மஞ்சள் கோட்டில்]

வணக்கமுங்க. பேட்டி வச்சு எழுதின ஒரு தீசிஸை நம்பலாமான்னு எப்படிப் பார்க்கறது, இன்னைக்கு அதான் பேச்சு. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி, 24 பேர்கிட்ட பேட்டி. தலைப்பு, ‘பின்னலாடை நிறுவனங்களில் தலைமைப் பண்பு’. 24 பேருமே ஓனர் தங்கமானவருன்னு சொல்லிட்டாங்க. மாணவர் ‘உருமாற்றத் தலைமை நிலவுகிறது’ன்னு, அதாவது ஆளுங்களை ஊக்கப்படுத்தி மாத்தற தலைமை இருக்குன்னு முடிவு எழுதிட்டார். வைவால, அதாங்க வாய்மொழித் தேர்வுல, வெளியில இருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர் ஒரே ஒரு கேள்விதான் கேக்கறார்: “தம்பி, இந்தப் பேட்டியெல்லாம் எங்க உக்காந்து எடுத்தீங்க?” “ஹெச்ஆர் கேபின்லங்க சார்.” அவ்வளவுதான், தீசிஸ் படுத்துடுச்சு.

இது கற்பனைதான். ஆனா ஈரோட்டுல இருந்து கோவை வரைக்கும் எம்பிஏ புராஜெக்ட் திருத்தறவங்க யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டாங்க.

பின்னணி சீக்கிரம் முடிச்சுடலாம், போர் அடிக்கும். பேட்டியும் நேர்ல பார்க்கறதும் வச்சுப் பண்ற பண்புசார் ஆய்வுக்கு, கேள்வித்தாள் ஆய்வோட அளவுகோல் பொருந்தாது. அதனால 1985-ல லிங்கன், கூபான்னு ரெண்டு ஆய்வாளர்கள் நாலு அளவுகோல் குடுத்தாங்க: நம்பகம், வேற இடத்துக்குப் பொருந்தற தன்மை, நிலைத்தன்மை, மத்தவங்க சரிபார்க்கற மாதிரி தடயம். இந்த நாலையும் மூணாவது அத்தியாயத்துல சொற்பிசகாம எழுதாத தீசிஸே கிடையாது. எழுதறது சுலபம். செஞ்ச தடயம் எங்கேன்னுதான் நாம தேடணும்.

[திரையில்: ஹெச்ஆர் கேபின் வரைபடம். கண்ணாடிக் கதவு, மேஜை, மூணு நாற்காலி]

மூணாவது நாற்காலி யாருக்குன்னு கேளுங்க. பல தடவை ஹெச்ஆரே உக்காந்திருப்பார், “நீங்க பேசுங்க, நான் மெயில் பாத்துட்டிருக்கேன்”னு. சரி, அவரை வெளிய அனுப்பியாச்சுன்னே வைங்க. அந்த 24 பேரை யார் பொறுக்கிக் குடுத்தாங்க? லிஸ்ட் ஹெச்ஆர் குடுத்ததுன்னா, அதுல பத்து வருஷமா அதே கம்பெனில இருக்கறவங்கதான் இருப்பாங்க. திருப்பூர்ல சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டுத் திங்கக்கிழமை வேற கம்பெனி கேட்ல நிக்கறவங்க இருக்காங்களே, அவங்களுக்கும் தலைமையைப் பத்திச் சொல்ல நெறைய இருக்கும். அவங்க யாரும் அந்த லிஸ்ட்ல வர மாட்டாங்க.

காண்ட்ராக்டர்கிட்ட பீஸ் ரேட்டுக்குத் தைக்கற டெய்லரை எடுத்துக்கங்க. அவருக்குத் தலைவர் ஓனர் கிடையாது, காண்ட்ராக்டர். அவர்கிட்டப் போயி ‘உங்க தலைவர் எப்படி?’ன்னு கேட்டா, அவர் யாரை நெனச்சுப் பதில் சொன்னாருன்னே தெரியாது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்ல இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கியிருக்கறவங்க பேட்டியில மொழிபெயர்த்தது யாரு? லைன் சூப்பர்வைசர்னா, சூப்பர்வைசரைப் பத்தின புகாரை அவரே மொழிபெயர்த்துக் குடுப்பாரா? குடுத்தாருன்னா அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

நேரமும் பாருங்க. ஷிப்மென்ட் வாரத்துல எடுத்த பேட்டி 12 நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். ஓவர்லாக் மெஷின் பக்கத்துல ரெக்கார்ட் பண்ணிருந்தா பிரதி முழுக்க ‘தெளிவில்லை, தெளிவில்லை’ன்னு வரும். ஞாயித்துக்கிழமை, கம்பெனிக்கு வெளிய, ஆய்வாளரே வேற வேற ஆளுங்க மூலமாத் தேடிப் புடிச்ச பேட்டின்னா, தீசிஸ்ல அதை ஒரு பத்தி எழுதியிருப்பாங்க. எழுதலைன்னா சந்தேகப்படுங்க.

அடுத்து கேள்வி. பின்னிணைப்பைத் திறங்க, பேட்டிக் கேள்விகள் இருக்கும். ‘உங்கள் மேலாளர் உங்களை எவ்வாறு ஊக்கப்படுத்துகிறார்?’ இந்தக் கேள்விலயே ஊக்கப்படுத்தறாருன்னு முடிவு பண்ணியாச்சு. அதுவும் இந்தத் தூய தமிழ்ல கேட்டா, செக்கிங் பண்ற அக்கா மேடைல நிக்கற மாதிரிதான் பதில் சொல்லுவாங்க. இதையே மாத்திக் கேளுங்க: “போன வாரம் பீஸ் ரிஜெக்ட் ஆச்சுங்களே, மொதல்ல வந்தது யாருங்க? வந்து என்ன சொன்னாங்க? அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க?” நடந்த ஒரு சம்பவம், ஒரு ஆள், ஒரு வார்த்தை. சம்பவத்தை வச்சுக் கேக்கற இந்த முறையை உளவியலாளர் ஜான் ஃபிளானகன் 1954-லயே எழுதி வச்சுட்டார்.

அதுக்கும் முன்னாடி, அமெரிக்காவுல ஹாத்தோர்ன் தொழிற்சாலைல 1928-ல தொடங்கி 20,000-க்கும் மேல பேட்டி எடுத்தாங்க. முதல்ல குறிச்சு வச்ச கேள்விகளைத்தான் கேட்டாங்க. தொழிலாளர்கள் அதை விட்டுட்டு வேற எதையோ பேச ஆரம்பிச்சாங்க. சரி, பேச விடலாம்னு முறையையே மாத்தினாங்க. அரை மணி நேரப் பேட்டி ஒன்றரை மணி நேரமா நீண்டுது. நம்ம ஊர்ல இன்னும் கேள்வி 1-ல இருந்து கேள்வி 15 வரைக்கும் ஒப்பிக்கறோம்.

[திரையில்: கடிகாரம். 9 நிமிடம்]

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். தலைமையைப் பத்தின ஆய்வுக்குன்னே ஒரு தனிப் பள்ளம் இருக்கு: தலைவர்கிட்டயே போயித் தலைமையைப் பத்திக் கேக்கறது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஆல்வெசனும் ஸ்வெனிங்சனும் 2003-ல எழுதின கட்டுரைகளைப் படிச்சா சிரிப்பு வந்துடும். ஆய்வு மேம்பாட்டு வேலை பண்ற ஒரு பெரிய கம்பெனில மேனேஜர்கள்கிட்டத் தலைமைன்னா என்னன்னு கேட்டிருக்காங்க. தொலைநோக்கு, திசை காட்டறதுன்னு அடுக்கிருக்காங்க. சரி, நீங்க தினம் என்ன பண்றீங்கன்னு கேட்டதும் பேப்பர் வேலை, சின்னச் சின்ன நிர்வாகம்னு இறங்கிடுச்சு பேச்சு. தலைமை எங்க போச்சுன்னே தெரியலை! இன்னொரு கட்டுரைல இன்னும் அழகு. சும்மா நின்னு நாலு வார்த்தை பேசறது, காது குடுத்துக் கேக்கறது, இதை யாரு வேணா பண்ணலாம். மேனேஜர் பண்ணினா மட்டும் அது தலைமைப் பண்பாயிடுது.

மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ன பண்ணினார் தெரியுமா? கேக்கவே இல்லை, பக்கத்துல உக்காந்து பார்த்தார். அஞ்சே அஞ்சு தலைமை நிர்வாகிகள், ஆளுக்கு ஒரு வாரம். 1973-ல புத்தகமா வந்துது. அவங்க பண்ணின வேலைகள்ல பாதி 9 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுது. ஒரு மணி நேரத்தைத் தாண்டினது 10 சதவீதம்தான். சாயப்பட்டறைல இருந்து ஷேடு வரலைன்னு ஒரு போன், நடுவுல லாரிக்காரர், அதுக்குள்ள பையர் மெயில்னு ஓடற நம்ம ஓனருக்கு இது புதுசா என்ன? ஆனா ஓனரைப் பேட்டி எடுத்தா ‘எனது தொலைநோக்குப் பார்வை’ன்னுதான் ஆரம்பிப்பார். அதனால, ஓனர் பேட்டி மட்டும் இருக்கற தீசிஸ்ல தலைமையைத் தேடாதீங்க. தலைமையைப் பத்தி ஓனருங்க எப்படிப் பேசறாங்கன்னு வேணும்னா எழுதிக்கலாம், அதுவும் நல்ல தலைப்புதான். ஓனர் சொன்னது, கீழ இருக்கறவங்க சொன்னது, கண்ணால பார்த்தது, இந்த மூணும் எங்க முட்டிக்குதுன்னு காட்டற தீசிஸ் கெடைச்சா விடாதீங்க.

பேட்டிக்கு அஞ்சு பேர் போதுமா, 12 வேணுமான்னு அடுத்த சண்டை. 12-ங்கற எண் 2006-ல கெஸ்ட்ங்கற ஆய்வாளரோட குழு எழுதின கட்டுரைல இருந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் 60 பேர் பேட்டியில, முதல் 12-க்குள்ளயே புதுக் கோடு (code, பேட்டில வர்ற ஒவ்வொரு கருத்துக்கும் ஆய்வாளர் வைக்கற பேரு) வர்றது கிட்டத்தட்ட நின்னுடுச்சு. எல்லார்கிட்டயும் ஒரே மாதிரிக் கேள்வி, ஆளுங்களும் ஓரளவு ஒரே மாதிரி. உங்க தீசிஸ்ல ஓனர், ஹெச்ஆர், சூப்பர்வைசர், டெய்லர், ஹெல்பர்னு அஞ்சு வகை ஆள் இருந்தா, 12-ஐ அஞ்சாப் பிரிச்சா வகைக்கு ரெண்டரை ஆள்கூட வராது! ‘நிறைவு எட்டப்பட்டது’ன்னு, அதாவது இனிப் பேட்டி எடுத்தாலும் புதுசா எதுவும் வராதுன்னு எழுதியிருந்தா, கடைசிப் புதுக் கோடு எத்தனாவது பேட்டியில வந்துதுன்னு கேளுங்க.

[திரையில்: மேற்கோள் அட்டவணை]

இப்ப ஒரு சின்ன சோதனை, பேனா எடுத்துக்கங்க. ஈரோட்டு மஞ்சள் ஏலத்துல மேல இருக்கற பாலிஷை நம்பாம விரலியை உடைச்சுப் பார்ப்பாங்க இல்லீங்களா, அந்த மாதிரி. தீசிஸ்ல மேற்கோள் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, அதைச் சொன்ன ஆளைக் குறிக்கற மாதிரி பி3, பி7-ன்னு எண் இருக்கும். கோடு போட்டு எண்ணுங்க. நம்ம கற்பனைத் தீசிஸ்ல மொத்தம் 18 மேற்கோள். பி3 மட்டும் 7, பி7 ஒரு 4, மிச்சம் 7 மேற்கோள் அஞ்சு பேர்து. அப்ப 17 பேர் என்னங்க பேசினாங்க? டீ குடிச்சுட்டுப் போயிட்டாங்களா? எண்ணே போடாத தீசிஸ்னா இன்னும் மோசம்.

எண்ணி முடிச்சதும் ‘ஆனா’வைத் தேடுங்க. 23 பேர் ஒரு மாதிரிச் சொல்லி ஒருத்தர் மாத்திச் சொல்லியிருந்தா, அந்த ஒருத்தரை வச்சு ஆய்வாளர் தன் முடிவைத் திருத்தியிருக்காரா, இல்லை ‘விதிவிலக்கு’ன்னு ஒதுக்கிட்டாரா? ஒருத்தர்கூட மாத்திச் சொல்லலைன்னா, திரும்பவும் அந்த கேபின் கதவைப் பாருங்க.

பேட்டிகள்ல இருந்து ஆய்வாளர் எடுத்த முக்கியக் கருத்துகள், அதாவது கருப்பொருள் தலைப்புகளையும் ஒரு பார்வை. ‘ஊக்கம்’, ‘தொடர்பாடல்’, ‘சவால்கள்’. இதெல்லாம் கேள்வித்தாள்ல இருந்த தலைப்பேதான், கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ‘திட்டறது சூப்பர்வைசர் வேலை, மன்னிக்கறது ஓனர் வேலை’ன்னு ஒரு தலைப்பு வந்தா அதுதான் கருப்பொருள். ஓனர் ஏன் அப்பா மாதிரி தெரியறாருன்னு அது ஒரே வரில சொல்லிடுது.

‘பங்கேற்பாளர் சரிபார்ப்பு செய்யப்பட்டது’ன்னு, அதாவது எழுதினதைப் பேட்டி குடுத்தவங்ககிட்டயே காட்டிச் சரி பார்த்தாச்சுன்னு இருந்தா, யார்கிட்டக் காட்டினாங்கன்னு பாருங்க. ஹெச்ஆர்கிட்டக் குடுத்துக் கையெழுத்து வாங்கினதைச் சரிபார்ப்புன்னு எழுதறது அநியாயம், அது காட்டிக்குடுக்கறது. பேரை மறைச்சாச்சுன்னு சொல்லிட்டு ‘பெண், 42 வயது, கட்டிங் மாஸ்டர்’னு அட்டவணைல போட்டா, அந்தக் கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருக்கற ஒரே பொம்பளை யாருன்னு கேன்டீன்ல எல்லாருக்கும் தெரியும்.

பேட்டி ஆய்வுல என்னென்ன எழுதணும்னு சொல்ற கோரெக் (COREQ) பட்டியல் 2007-ல வந்தது, அதுல 32 அம்சம். அத்தனைக்கும் டிக் போட்டா எல்லாத்தையும் எழுதியிருக்காங்கன்னு தெரியும், நல்லாப் பண்ணியிருக்காங்களான்னு தெரியாது.

சரிங்க, உங்க பேட்டிக் கேள்விகள்ல முதல் கேள்வியை மட்டும் கமெண்ட்ல போடுங்க, அது பதிலையும் சேர்த்துச் சொல்லிக் குடுக்குதான்னு எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம். உங்க பேரு இருந்தாப் பரவாயில்லை, கம்பெனி பேரு வேண்டாமுங்க.