கம்பனியும் ஓர் ஆளா?

வணக்கம் நேயர்களே. சுன்னாகத்தில் ஒருவர் தன் அரிசி ஆலையைப் 'பிரைவேட் லிமிட்டெட்' ஆகப் பதிந்து, மெசினையும் லொறியையும் அதன் பெயருக்கு மாற்றிவிட்டார் என்று வையுங்கள். பங்கு முழுவதும் அவர் கையில். இப்போது லொறி ஆருடையது? "அவருடையதுதானே" என்பீர்கள். இல்லை, கம்பனியினுடையது. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் பதிவு முடிந்தால் கம்பனி தனி ஆள்.

ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்கவேண்டாம். வட அயர்லாந்தில் மக்கோரா என்றொரு காணிக்காரர். தன் காணியில் இருந்த மரம் முழுவதையும் ஒரு கம்பனிக்கு விற்று, காசுக்குப் பதிலாகப் பங்குகளை வாங்கிக்கொண்டார். பங்கெல்லாம் அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும்தான். மரத்துக்குக் காப்புறுதியும் எடுத்தார். எடுத்தது கம்பனியின் பெயரில் அல்ல, தன் பெயரில். 1922 பெப்ரவரியில் தீப்பிடித்து அநேகமாக எல்லாம் சாம்பலாயிற்று. காப்புறுதிக்காரர் கையை விரித்தார்கள். வழக்கு, அந்நாளில் கடைசி மேன்முறையீட்டைக் கேட்ட இலண்டன் பிரபுக்கள் சபை வரை போனது. 1925இல் வந்த தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்: பங்கு உம்முடையது, மரத்தில் ஒரு சிராய்கூட உம்முடையதல்ல. மனுசனுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை.

ஆகவே அலுமாரியைத் திறந்து, வாகனப் புத்தகத்தையும் காப்புறுதிப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பெயரா? திருப்பிச் சொல்கிறேன், ஒரே பெயரா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. கம்பனி பட்ட கடனுக்கு உங்கள் வீட்டைத் தொட ஏலாது. இங்கிலாந்தில் சலமன் என்ற சப்பாத்து வியாபாரியின் வழக்கில் 1897இலேயே முடிவானது அது. ஆனால் வங்கிக்காரர் இந்தச் சட்டத்தை எங்களைவிட நன்றாகப் படித்தவர்கள். கடன் தரும்போது இரண்டு கையெழுத்துக் கேட்பார்கள். ஒன்று கம்பனிக்காகப் பணிப்பாளர் என்ற முறையில். மற்றது சொந்த உத்தரவாதம். இரண்டாவதைப் போட்டால் வீடும் வளவும் திரும்பக் கடனுக்குள் வந்துவிடும். பெரும்பாலானோர் அதை வாசிப்பதேயில்லை.

சரி, சொத்து வைத்திருக்கும் இந்த ஆளுக்கு மனிதரின் உரிமைகளும் உண்டா? சண்டை அங்கேதான். எங்கள் 1978 அரசியலமைப்பைப் பாருங்கள். 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் 'ஆட்கள்' எல்லோரும் சமம் என்கிறது. 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைப் 'பிரசை'க்குத் தருகிறது. ஆள் வேறு, பிரசை வேறு. நல்ல பிரிப்பு என்பேன். அமெரிக்க உயர் நீதிமன்றம் 2010இல், தேர்தல் பேச்சுக்குக் கம்பனிகள் சுயாதீனமாகத் தம் காசைச் செலவிடுவதைத் தடுக்கமுடியாது என்றது. காசு பேசினால் வாக்காளன் குரல் எங்கே கேட்கும்?

கண்ணாடிக்கு அப்பால், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சிறையில் அடைக்க உடம்பில்லாத ஆளை எப்படித் தண்டிப்பது என்பதுதான் மிச்சம். தண்டப்பணம் கம்பனியின் காசிலிருந்து போகும், கடைசியில் நட்டம் பங்குக்காரருக்குத்தான். முடிவெடுத்த பணிப்பாளரையும் கூண்டில் ஏற்றினால்தான் உறைக்கும். வணக்கம்.