அந்தக் காலத்து வீடா, இந்தக் காலத்து வீடா? அடுப்படியில நிண்டு பார்த்துச் சொல்லுங்க

நடுவர் ஐயாவுக்கும் ரெண்டு அணியிலயும் இரிக்கிற என்ட சகோதரங்களுக்கும், புதுவருசத்துக்கு எண்டு ஊருக்கு வந்து இந்த வெக்கையிலயும் கதிரைய விட்டு எழும்பாம இரிக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம்.

வீட்டு வாழ்க்கையில கூடுதல் சுகம் அந்தக் காலத்திலா இந்தக் காலத்திலா எண்டுறதுதான் கேள்வி. நான் இந்தக் காலம் எண்டு பேச வந்திரிக்கன். எனக்கு முன்னால பேசின எதிரணி அண்ணன் முத்தத்துல பாய் விரிச்சி நிலா வெளிச்சத்துல அம்மா சோறு குழைச்சி உருட்டித் தந்த கதைய சொன்னார், எல்லாரும் கை தட்டினீங்க, நானும் தட்டினன். அவர் சொன்ன நிலாவும் உண்மை, சோறும் உண்மை. ஆனா அந்த உருண்டைய வாங்கித் தின்ட ஆளாத்தான் அவர் பேசினார். உருட்டித் தந்த ஆள் அண்டைக்கு எத்தின மணிக்கு எழும்பினவ, என்ன செஞ்சவ, தான் எப்ப தின்டவ எண்டு ஒரு வார்த்தையும் வரல்ல. நான் அந்த ஆள்ட பக்கத்தால பேசப்போறன்.

என்ட அம்மாட ஊர் படுவான்கரை, மட்டக்களப்பு வாவிட மேக்குக் கரை. அங்க அம்மம்மா வீட்டு அடுப்படி வீட்டோட ஒட்டாம பின்னுக்குத் தனியா கிடுகால கட்டின கொட்டில். விடியச் சாமம் கோழி கூவ முன்னம் அவ எழும்பிருவா. முதல்ல தண்ணி. மாரியில கிணத்துல கைக்கு எட்டும், கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா கிணறு வத்திரும், மறுகா மணல்ல பூவல் தோண்டி தண்ணி ஊறு மட்டும் குந்திக்கொண்டு இருந்து சிரட்டையால அள்ளி அள்ளி குடத்த நிரப்பிக்கொண்டு வரணும். அரிசி கடையில வாங்குற இல்ல, நெல்ல ஊறப்போட்டு அவிச்சி காயவெச்சி உரல்ல குத்தி சுளகுல புடைச்சாத்தான் அரிசி. பிட்டு எண்டா இன்னொரு வேலை, அரிசிய ஊறவெச்சி இடிச்சி அரிச்சி மாவ வறுக்கணும், வறுக்கைக்குள்ள கைய எடுக்க ஏலா, எடுத்தா அடிப்பிடிச்சிரும். தேங்காயத் திருவி, அம்மியில கூட்டு அரைச்சி, மீன் ஆணம் காய்ச்சி, எல்லாருக்கும் போட்டு முடிய சட்டிக்குள்ள மிஞ்சின ஆணத்துல சோத்தப் போட்டு பிசைஞ்சி அடுப்படி வாசல்லயே குந்தி தின்பா. பக்கத்துல இருந்து நான் பார்த்திரிக்கன், அவட உள்ளங்கை உலக்கை புடிச்ச இடத்துல மரம் மாதிரி இரிக்கும், கண் எப்பவும் சிவப்பு.

அந்த சிவப்பு புகையால வந்தது. விறகுக்கு தென்னை மட்டை, பொச்சு, கொக்காரை, மழை நாளையில எல்லாம் ஈரம், ஊதி ஊதித்தான் எரிக்கணும். விறகடுப்பு மாதிரி புகையிற அடுப்புகளால வீட்டுக்குள்ள வாற புகையில 2020 ஆம் ஆண்டு மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் செத்திரிக்காங்க எண்டு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. எதிரணியில ஒரு அக்கா "விறகடுப்புச் சோத்துட மணம் கேஸ் அடுப்புல வருமா" எண்டு கேட்டா. மணம் வராதுதான் அக்கா, நான் ஒத்துக்கொள்றன். அந்த மணம் சாப்பிட்ட ஆளுக்கு, புகை ஊதின ஆளுக்கு எண்டு பிரிஞ்சி போனதுதான் அந்தக் காலத்து வீடு.

இங்க நம்மட மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் ஒரு பெருமை இரிக்கு நடுவர் ஐயா. தமிழ் ஆக்களெண்டாலும் முஸ்லிம் ஆக்களெண்டாலும் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான், கலியாணம் முடிச்சி மாப்பிள்ளைதான் பொண்ணுட வீட்டுக்கு வாறவர், தாய்வழிக் குடிதான் நமக்கு. வேற இடத்து ஆக்கள் கேட்டா ஆச்சரியப்படுவாங்க. ஆனா வீட்டு உறுதி அவட பேர்ல இருந்தும் அந்த வீட்டுக் குந்துல இருந்து ஒரு பின்னேரம் காத்து வாங்க அவளுக்கு நேரம் கிடைக்கல்லயே! வீடு அவட, சுகம் மத்த ஆக்கள்ட. அந்த வீட்டுச் சுகத்துல அவளுக்கும் ஒரு பங்கு குடுத்தது என்ன எண்டு பாருங்க, ரைஸ் குக்கர், கிரைண்டர், தண்ணி மோட்டர், கேஸ் அடுப்பு, மில்லுல குத்தின அரிசி. இதெல்லாம் பொம்புளைய சோம்பேறி ஆக்கிட்டு எண்டு எதிரணி சொல்லிச்சி. அந்தச் சொல்ல நான் ஏத்துக்கொள்ள மாட்டன், கோபத்தோடதான் சொல்றன். இண்டைக்கு காலையில வேலைக்குப் போற, பாடசாலையில படிப்பிக்கிற, தையல் மெசின்ல சம்பாதிக்கிற, பின்னேரம் புள்ளையளுக்கு பாடம் சொல்லிக் குடுக்கிற பொம்புளைக்கு அந்த நேரம் எங்க இருந்து வந்தது? உரல்ல இருந்து வந்தது, பூவல்ல இருந்து வந்தது.

2022 ஆம் ஆண்டக் கொண்டுவந்து எதிரணித் தலைவர் பெரிசா ஒரு வாதம் வெச்சார். மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல, கேஸ் இல்ல, அப்ப நம்மளக் காப்பாத்தினது விறகடுப்புதானே, அந்தக் காலம்தானே எண்டு கேட்டார். நல்ல கேள்வி. அந்த வருசம் சித்திரை முடியுற நேரம் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபா, அதுவும் கிடைக்கிற இல்ல. சரி, எல்லார்ட வீட்டுலயும் அடுப்புக் கல்லு வெச்சம், விறகு பொறுக்கினம், குப்பி லாம்பு கொளுத்தினம். முழு நாடும் அந்தக் காலத்துக்கு கிறுகிப் போய் வாழ்ந்து பார்த்த மாதங்கள் அது. சுகமா இருந்ததெண்டா என்னத்துக்கு வெறும் சிலிண்டர உருட்டிக்கொண்டு போய் இரவிரவா லைன்ல நிண்டம்? ஆரும் "அப்பாடா அந்தக் காலம் வந்துட்டு" எண்டு வீட்டுல இருக்கல்லயே. கேஸ் வந்த அண்டைக்கு ஒழுங்கைக்கு ஒழுங்கை கேட்ட சத்தம் எனக்கு இப்பவும் காதுக்குள்ள இரிக்கு. எதிரணித் தலைவர் வெச்ச அந்த சாட்சி எங்கட பக்கத்து சாட்சி நடுவர் ஐயா, தயவுசெஞ்சி குறிச்சிக்கொள்ளுங்க.

காசு விசயத்துக்கு வாறன். இந்தக் காலம் எண்டா கடன், தவணை, லீசிங், வீட்டு வாசல்ல கிழமைக்கு கிழமை வந்து நிக்கிற நுண்கடன்காரர், இதால வீட்டு நிம்மதி போச்சி எண்டு சொன்னாங்க. அந்த வேதனை நம்மட மாவட்டத்துல எவ்வளவு ஆழம் எண்டு எனக்கும் தெரியும், அத சின்னதாக்க நான் இங்க நிக்கல்ல. ஆனா கடன் இந்தக் காலத்துலதான் முளைச்சதா? வயல்ல வேலை செய்யிற முல்லைக்காரன், வயல் சொந்தக்காரர் போடியார்ட்ட நெல்லு கடன் வாங்கி, வெள்ளாமை வெட்டுக்கு கூட்டி அளந்து குடுத்திட்டு வெறுஞ்சாக்கோட வீட்ட வந்த கதை நம்மட வயல் வட்டைக்கு வட்டை இரிக்கு. அண்டைக்கு அவன் ஆர்ட்ட போய் முறையிட? இண்டைக்கு பொம்புளையள் ரோட்டுல இறங்கி கத்தினாங்க, அது போன்ல படமா நாடு முழுக்கப் போச்சி, 2018 இல வறட்சி விழுந்த மாவட்டங்கள்ல பொம்புளையள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன தள்ளுபடி செய்யிறதா அரசாங்கம் அறிவிச்சிது, நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் எண்டு ஒரு எல்லையும் போட்டாங்க. 35 எண்டுறதே கொடுமை, அது வேற. ஆனா வட்டிக்கு ஒரு எல்லை எண்டு கேக்கவும் வாங்கவும் முடிஞ்சது இந்தக் காலத்துலதான். இன்னொண்டு, இண்டைக்கு அஸ்வெசும எண்டுற அரசாங்க உதவிக் காசு வந்தாலும் வெளிநாட்டுல இருந்து மகன் அனுப்பினாலும் அது பொம்புளைட பேர்ல இரிக்கிற பேங்க் புத்தகத்துல விழுது. அம்மம்மா சீலைத் தலைப்புல முடிஞ்சி வெச்சிருந்த காச ஆரும் கேட்டா அவிழ்த்துக் குடுத்துரணும்.

போன். எல்லாரும் போனுக்குத்தான் அடிச்சீங்க. வீட்டுல நாலு பேர் நாலு மூலையில, ஆளுக்கொரு போன், ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்குற இல்ல எண்டு. அப்பிடி வீடு இரிக்கு, இல்ல எண்டு சொல்லல்ல, புள்ளையள்ட்ட இருந்து போன வாங்கி வைக்க வேண்டிய நேரத்துல வாங்கி வைக்கத்தான் வேணும். ஆனா கட்டாருக்கும் சவூதிக்கும் புள்ளைய அனுப்பிட்டு இரிக்கிற தாய் இல்லாத ஒரு ஒழுங்கை நம்மட காத்தான்குடியில இரிக்கா, கல்முனையில இரிக்கா, களுவாஞ்சிகுடியில இரிக்கா? முந்தி என்ன நடந்த? கடிதம் வர கிழமைக்கணக்கு. வாசிக்கத் தெரியாத தாய்க்காக அங்க இருந்து கெசட்டுல பேசி பதிஞ்சி ஊருக்கு வாற ஆள்ட்ட குடுத்து விடுவாங்க. எங்கட ஒழுங்கையில ஒரு அம்மா, மகன்ட கெசட்ட பக்கத்து வீட்டு ரேடியோவுல போட்டுக் கேப்பா, "அம்மா நான் நல்லா இரிக்கன், நீங்க மருந்து குடிக்கிறயளா" எண்டு அவன் கேக்கைக்குள்ள இவ ரேடியோவப் பார்த்து "ஓம் மனே, குடிக்கன் மனே" எண்டு பதில் சொல்லுவா. அவ சொன்னது அவனுக்குக் கேக்கவே இல்ல. இண்டைக்கு அதே அம்மா இரவு சாப்பாட்ட முடிச்சி வீடியோ கோல்ல பேரப்புள்ளைட பல்ல எண்ணிக்கொண்டு இரிக்கா, கரண்ட் போனா டேட்டாவுல பேசுறா. இந்த சுகத்துக்கு என்ன விலை போடப் போறீங்க? யுத்த காலத்துல படுவான்கரைக்கும் கிழக்கால இரிக்கிற எழுவான்கரைக்கும் இடையில ஒரு வாவிதான், போன புள்ள வந்து சேரு மட்டும் உசிரோட இரிக்கா இல்லையா எண்டு தெரியாம வாசல்ல நிண்ட தாய்மார்ட புள்ளையள்தான் இங்க பாதிப்பேர் இரிக்கீங்க. "வந்துட்டன்மா" எண்டு ஒரு மெசேஜ் வாறது என்ன சுகம் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

அதுக்கு மேலயும் ஒண்டு சொல்றன், இத சொல்லாம நான் இறங்க மாட்டன். 2004 டிசம்பர் 26, சுமாத்ராவுக்குக் கிட்ட நம்மட நேரம் காலையில 7 மணி ஆக முன்னம் பூமி அதிர்ந்தது. நம்மட கரைக்கு கடல் வர ஒண்டரை மணித்தியாலத்துக்கும் மேல இருந்தது. கல்லடியில, நாவலடியில, திருக்கோவில்ல, கல்முனையில, மருதமுனையில சனம் வீட்டுக்குள்ள நத்தார் முடிஞ்ச ஞாயிற்றுக்கிழமைக் காலையில தேத்தண்ணி குடிச்சிக்கொண்டு இருந்தாங்க. ஒரு செய்தி வரல்ல. ஒண்டரை மணித்தியாலம் ஐயா, கல்லடிப் பாலத்தக் கடந்து நடந்தே போயிருக்கலாம்.

அதே கடல்ல 2012 ஏப்ரல் 11, 8.6 அளவுல திரும்பவும் அதிர்ந்தது. நம்மட வீடுகள்ல புதுவருசத்துக்கு பலகாரம் சுட்டுக்கொண்டு இருந்த பின்னேரம். இந்த முறை டீவியில வந்தது, போன்ல வந்தது, ஒரு வீட்டுக்கு வந்த கோல் பத்து வீட்டுக்குப் போச்சி, எண்ணெய்ச் சட்டிய இறக்கி வெச்சிட்டு புள்ளையளத் தூக்கிக்கொண்டு சனம் கரைய விட்டு எழும்பிட்டு. கடல் வரல்ல, இரவே எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்க. வந்திருந்தாலும் புள்ளையள் தப்பியிருக்கும். கடக்கரையில வீடு வெச்சிரிக்கிற எங்களுக்கு இரவைக்கு கண்ண மூடிப் படுக்கிறதுதான் முதல் சுகம், அத அந்தக் காலம் எங்களுக்குத் தரல்ல.

சின்னச் சின்ன சந்தோசம் எல்லாம் போயிட்டு எண்டு கவலைப்பட்டீங்க. எங்க போச்சி? எருமைத் தயிர் போகல்ல, கச்சான் கொட்டை வறுக்கிற போகல்ல, முதல் மழைக்கு வாற மண் வாசம் போகல்ல. வாவியில மீன் பாட்டுக் கேக்குற இரவுக்கு இப்பவும் ஆக்கள் பாலத்துல நிக்காங்க. வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் விடிய விடிய ஆடுற ஊர் இன்னும் ஆடிக்கொண்டுதான் இரிக்கு, என்ன வித்தியாசம் எண்டா முந்தி அடுத்த நாள் சமையலுக்கு எழும்பணும் எண்டு கூத்து பாதியில வீட்ட போற ஆள் அம்மாதான். போன வருசம் எங்கட அம்மா பாயில சரிஞ்சி இருந்து கூத்த விடியு மட்டும் பார்த்தா, சுவிஸ்ல இரிக்கிற தங்கச்சிக்கு போனத் தூக்கிப் பிடிச்சி காட்டிக்கொண்டு, "இவன்ட ஆட்டத்தப் பார் புள்ள, இவன்ட அப்பன் இப்பிடித்தான் ஆடினவன்" எண்டு சொல்லிச் சொல்லி. காலைச் சாப்பாட்டுக்கு பாணும் சம்பலும். ஒருத்தரும் குறை சொல்லல்ல.

முடிக்கிறன் நடுவர் ஐயா, மணி அடிச்சிட்டீங்க. நம்மட மாவட்டத்துல இன்னும் குழாய்த் தண்ணி போய்ச் சேராத வீடு இரிக்கு. ஆடி ஆவணியில தண்ணி பவுசர் வரு மட்டும் வாளியும் குடமும் வரிசையில வெச்சிட்டு வெயிலுக்க நிக்கிற பொம்புளையள் படுவான்கரையில இரிக்காங்க, வாகரைப் பக்கம் இரிக்காங்க. நீங்களும் எதிரணி அண்ணன்மாரும் ஒரு பின்னேரம் அங்க போய், "பூவல் தோண்டுற காலம் வேணுமா, குழாய் வேணுமா" எண்டு அவங்கள்ட்ட கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதையே தீர்ப்பா எழுதுங்க, எங்கட அணி மறுபேச்சில்லாம ஏத்துக்கொள்ளும்.

நன்றி, வணக்கம்.