வார்ஃபரின்: ஒரு மாத்திரைப் பேருக்குள்ள ஒரு மாட்டுக்கொட்டகை

வணக்கம் மக்களே. இந்த அட்டையைக் கேமராகிட்ட காட்டுறேன், தெரியுதா? வார்ஃபரின். அம்மாவுக்கு இதயத்துல செயற்கை வால்வு வச்சதுல இருந்து தினம் ராத்திரி நான்தான் பிரிச்சுக் கொடுக்கிறேன். ரத்தம் கட்டியாகாம இருக்கிறதுக்கு. ரொம்ப நாள் இது ஏதோ ஜெர்மன்காரர் பேருன்னே நினைச்சிட்டிருந்தேன்.

கதை ஆரம்பிக்கிறது மாட்டுக்கொட்டகையில. 1920கள்ல, அமெரிக்காவோட வடக்குலயும் கனடாவுலயும் மாடுங்க திடீர் திடீர்னு செத்துச்சு. சின்னக் காயம்தான், ஆனா ரத்தம் நிக்கவே இல்ல. ஸ்வீட் க்ளோவர்னு ஒரு தீவனம், அது ஈரத்துல பூஞ்சை பிடிச்சுப் போனதைத் தின்ன மாடுங்கதான் செத்துதுன்னு கால்நடை மருத்துவர்கள் கண்டுபிடிச்சாங்க. அதுல இருக்கிற விஷம் என்னன்னு மட்டும் பிடிபடல.

1933 பிப்ரவரி, கொட்டுற பனி. விஸ்கான்சின்ல ஒரு விவசாயி செத்துப்போன கிடாரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில ஏத்திக்கிட்டு 300 கிலோமீட்டர் போல வந்து பல்கலைக்கழகத்துல உயிர்வேதியியல் விஞ்ஞானி கார்ல் பால் லிங்க்கோட ஆய்வகத்துல இறக்கினார். அந்தப் பால் கேனை நினைச்சாலே எனக்கு மனசு கனத்துப்போகுது.

விஷத்தைப் பிரிச்செடுக்க ஆறு வருஷம் ஆச்சு. 1939ல கிடைச்சது டைகூமரால். அதே வகையில நிறைய சேர்மங்கள் செஞ்சு பார்த்தாங்க. அதுல 42ஆம் நம்பர்தான் வார்ஃபரின். அது 1948ல எலி மருந்தா கடைக்கு வந்துச்சு. ஆமா, எலி மருந்து! 1954லதான் மனுஷங்களுக்கு அனுமதி. அடுத்த வருஷமே, மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவருக்கும் கொடுத்தாங்க.

இப்ப பேருக்கு வருவோம். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது விஸ்கான்சின் அலும்னி ரிசர்ச் ஃபவுண்டேஷன். அந்த நாலு வார்த்தையோட முதல் இங்கிலீஷ் எழுத்துகளை (W, A, R, F) சேர்த்தா 'வார்ஃப்'. வால்ல இருக்கிற 'அரின்', கூமரின்ல இருந்து வந்தது. புதுசா அறுத்த புல்லு காயும்போது இனிப்பா ஒரு வாசனை வருமே, அதுதான் கூமரின். அதே கூமரின்தான் பூஞ்சை பட்டா டைகூமராலா மாறுது. கூமரின்ங்கிற பேரும் தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள் டோங்கா மரத்துக்கு வச்ச பேர்ல இருந்து வந்ததுதான்.

நம்ம ஊர்ல நிறைய பேருக்கு வார்ஃபரினுக்குப் பதிலா வேற மாத்திரை எழுதுவாங்க. உங்க வீட்டு அட்டையைத் திருப்பிப் பாருங்க. அசினோகூமரால்னு இருந்தா, நடுவுல இருக்கிற அந்தக் 'கூமர்' அதே டோங்கா மரம்தான்.